தீட்டு இல்லாத ஒரே ஆள்

முன்னொரு காலத்தில் வெண்மணல் நாடு என்று ஒரு நாடு. அதைத் திருமேனி ராஜா ஆண்டார். ஆண்டார் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் நிஜம். நாட்டுக்கு நடுவே ஆறு. வடகரையில் ராஜா, தென்கரையில் அவர் தம்பி பொன்மேனி. பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஓடத்திலேயே நடக்கும். எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் எதிர்க்கரையில் ஒரு பங்காளியோ மச்சானோ இருப்பான்.

இப்படிப்பட்ட நாட்டில் உள்நாட்டுப் போர் வந்தது. எதற்கு என்று சொன்னால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். தென்கரைத் திருவிழாவுக்கு ராஜா நேரம் கழித்து வந்தார். நல்ல நேரம் போகிறதே என்று பூசாரி முதல் பரிவட்டத்தைத் தம்பி தலையில் கட்டிவிட்டார். ஒரு முழத் துணி ஐயா, ஒரு முழத் துணி!

ராஜாகூட முணுமுணுத்துவிட்டு மறந்திருப்பார். பிரதானி தண்டலையார் விட்டால்தானே? மந்திரி சாத்தப்பரைக் கண்டாலே வயிறெரிகிற ஆள் அவர். "இன்று பரிவட்டம், நாளை மகுடம், மகாராஜா!" என்று தூபம் போட்டார்.

"மந்திரியாரே, நீர் என்ன சொல்கிறீர்?" என்றார் ராஜா.

"தம்பிதானே மகாராஜா. கூப்பிட்டு நாலு திட்டு திட்டுங்கள், போதும்."

தண்டலையார் சிரித்தார். "மகளைத் தென்கரையில் கொடுத்தவர் வேறென்ன சொல்வார்? இந்த அவையில் அங்கே ஒரு நாதியும் இல்லாதவன் நான் ஒருவன்தான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அங்கே யாரும் கிடையாது!"

அவ்வளவுதான். ராஜா ஓடங்களை நிறுத்தினார். தென்கரைக்காரர்கள் தம்பிக்கு மகுடம் சூட்டினார்கள். ஒரு நாட்டுக்கு ரெண்டு ராஜா, ரெண்டு பேருக்கும் புத்தி மட்டம். இதில் மாட்டிக்கொண்டவள் மந்திரி மகள் பூவாத்தாள். நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர வேண்டியவள் அக்கரையிலேயே சிக்கிக்கொண்டாள்.

முதல் சண்டை ஆற்றுமணலில் நடந்தது. சண்டையா அது? "ஏண்டா மச்சான், வாங்கின ஏரைத் திருப்பிக் கொடுக்காதவன்தானே நீ!" என்று ஏசினார்கள், கல்லெறிந்தார்கள், பசித்ததும் வீட்டுக்குப் போனார்கள். அதோடு விட்டிருக்கக் கூடாதா? "சிரிக்கிறார்கள் மகாராஜா!" என்று தண்டலையார் கொளுத்திப் போட்டார். இரண்டாவது சண்டைக்கு வில் போனது. ஏசினவர்கள் செத்தார்கள்.

மறுநாள் காலை அவையில் வெற்றி முரசு. "அரண்மனைக் காளி முன் வைத்த வாளை எடுங்கள், மகாராஜா! இன்றே தென்கரை ஊரைக் கொளுத்திவிடலாம்!" என்று தண்டலையார் குதித்தார். அந்த நாட்டில் காளி முன் வைத்த வாளை ஒருவர் கையில் எடுத்தால்தான் படை கிளம்பும்.

அப்போது சாத்தப்பர் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார்.

"என்னய்யா கோலம் இது?"

"இரவெல்லாம் செத்தவர்களைச் சிதையில் வைத்துவிட்டுத் தலை முழுகி வருகிறேன், மகாராஜா. உங்கள் சித்தப்பா மகன் அழகர் அந்தப் பக்கம் நின்று செத்துப்போனார். நீங்கள் இன்னும் குளிக்கவில்லையா? தீட்டோடு சிங்காசனத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களே!"

ராஜா துள்ளி எழுந்தார். ஆசாரம் என்றால் அவருக்கு உயிர்.

"போரில் செத்தால் தீட்டு கிடையாது!" என்று கத்தினார் தண்டலையார்.

"அந்நியனோடு போரிட்டுச் செத்தால் கிடையாது. பங்காளியே பங்காளியைக் கொன்றால்?" என்று மந்திரி கேட்க, காளி கோயில் பூசாரி தலையை ஆட்டினார். "கருமாதி முடிகிற வரை வாளைத் தொடக் கூடாது, மகாராஜா."

"சரி, தளபதி எடுக்கட்டும்!"

"என் பெரியப்பா மகனும் அங்கே போய்விட்டார், மகாராஜா," என்றார் தளபதி. முரசடிப்பவன் குச்சியைக் கீழே வைத்தான். யானைப்பாகன் குளிக்கப் போக மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தப் பாழாய்ப்போன நாட்டில் தீட்டு இல்லாதவன் ஒருத்தன்கூட இல்லையா?"

"ஏன் இல்லை? தண்டலையார் இருக்கிறாரே!" என்றார் சாத்தப்பர். "அங்கே யாருமில்லை என்று சத்தியம் செய்தவர் ஆயிற்றே. வாளை அவர் எடுக்கட்டும். படை குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது, அதனால் தனியாகத்தான் போக வேண்டும்."

தண்டலையார் வாள்வரை போனார், கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். "முடியாது மகாராஜா. அன்றைக்கு வீம்புக்குச் சொன்னேன். என் கூடப்பிறந்த அண்ணன் அங்கேதான் இருக்கிறான்."

அவை சிரித்தது. சாத்தப்பர் சிரிக்கவில்லை. கிட்டே போய்த் தோளில் கை வைத்தார். "உம்முடைய அண்ணனையும் நேற்று இரவு நான்தான் சிதையில் தூக்கி வைத்தேன். யாருமே இல்லை என்றீரே, யாரிடம் வந்து சொல்வேன்?"

பெரிய பிரதானி தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் அழுதார். எனக்கே பாவமாகிவிட்டது. ஆனால் மூட்டிவிட்ட வாய் யாருடையது?

கருமாதி அன்று ராஜாவும் தம்பி பொன்மேனியும் ஒரே துறையில் மொட்டை போட்டுக்கொண்டு அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். பங்காளிகள் சேர்ந்துதானே செய்ய வேண்டும்? ராஜா நிமிர்ந்து பார்த்தார். ரெண்டு கரையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மொட்டைத் தலைகள்.

"இவ்வளவு பேரா செத்தார்கள், சாத்தப்பரே?"

"செத்தவர்கள் கொஞ்சம்தான், மகாராஜா. இவர்களெல்லாம் அழுதவர்கள்."

ராஜா தம்பி கையைப் பிடித்தார். விடவில்லை. "உமக்கு என்ன வேண்டும், கேளும்," என்றார் மந்திரியிடம்.

"ஒரு ஓடம்," என்றார் சாத்தப்பர்.

அன்று மாலை பூவாத்தாள் தாய்வீடு வந்து சேர்ந்தாள். ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஆற்றைக் கடக்க எத்தனை பேர் சாக வேண்டியிருந்தது, பாருங்கள்.