வாத்துப் படகு போட்ட முட்டை

செம்பராயன் ஏரிப் பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வருகிறவர்கள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒருவர் புளுக வேண்டும். கேட்கிறவர் "பொய்" என்று சொல்லிவிட்டால், அப்படிச் சொன்னவர் ஏரியை இன்னொரு சுற்று நடக்க வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் புளுகியவர் நடக்க வேண்டும். ஒரு சுற்று இரண்டரைக் கிலோமீட்டர்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ராக்கியப்பனுக்கு நடை என்பதே கேட்டிலிருந்து பெஞ்சுவரைதான். நாலு வாரமாக அவர் வாய் ஜெயிக்க, மருந்துக்கடை நஞ்சப்பனின் கால் நடந்தது. இன்றைக்கு நஞ்சப்பன் வாய் நிறையச் சுண்டலோடு வந்து உட்கார்ந்தார். வாய் நிறைந்திருந்தால் "பொய்" என்று சொல்ல வராது; இது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலோமினா டீச்சரின் யோசனை என்று ராக்கியப்பனுக்கு உடனே புரிந்துவிட்டது. எதிரே கடையில் வடை வேகும் வாசனை வேறு.

"இந்த ஏரி எப்படி வந்துச்சு தெரியுமுங்களா? எங்க தாத்தன் பல்லு வெளக்கிட்டு வாய் கொப்புளிச்சாரு. அந்தத் தண்ணிதானுங்க இது," என்று ஆரம்பித்தார் ராக்கியப்பன்.

"இருக்குமுங்க. வேப்பங்குச்சி வாசம் இன்னும் போகலியே," என்றார் டீச்சர்.

ராக்கியப்பன் ஏரியின் நடுவே கைகாட்டினார்.

"நடுவுல தீவு இருக்குதுல்ல? அது முன்ன இல்லீங்க. நான் தூண்டில் போட்டு ஒரு கெளுத்தியைத் தூக்கினேன். மீனு வெளிய வரவும் தண்ணி எறங்கிருச்சு, தீவு தெரிஞ்சுது."

நஞ்சப்பன் சுண்டலை வேகமாக மென்றார்.

"படகுத்துறை தொறந்த அன்னிக்கு வாத்துப் படகை நாந்தான் மொதல்ல மிதிச்சேன். மிதிச்ச சூட்டுல படகு நாலு முட்டை போட்டுருச்சு. அதோ, சின்னப் படகு நாலு நிக்குதே, அது அத்தனையும் பொரிச்ச குஞ்சுங்க."

நஞ்சப்பனின் வாய் திறந்தது. ராக்கியப்பன் ஆசையோடு பார்த்தார். டீச்சர் இன்னொரு கைப்பிடி சுண்டலை அந்த வாய்க்குள் போட்டு மூடிவிட்டார்.

இனி ஒரு புளுகுதான் பாக்கி. ராக்கியப்பன் எழுந்தே நின்றுவிட்டார்.

"இந்த நடைபாதை யாரு போட்டதுங்கறீங்க? நான் ஓடிஓடி விழுந்த தடமுங்க. ஒரு சுத்துக்கு ஒரு நிமிசம். ஒரு நாளு எனக்கு முன்னால எவனோ ஓடறான், எட்டிப் புடிச்சுப் பாக்கறேன், அது என்ற முதுகு."

நஞ்சப்பன் சுண்டலை நிதானமாக விழுங்கி, "நம்பறேனுங்க," என்றார்.

"டீச்சர், முட்டி வலிக்குதுங்க," என்றார் ராக்கியப்பன் சின்னக் குரலில்.

"ஒரு நிமிசம்தானுங்களே, வடை ஆறாது," என்றார் டீச்சர். "தனியாப் போறமேன்னு கவலைப்படாதீங்க. முன்னால உங்க முதுகு போகும்."