எந்த வீட்டு முறுக்கு

ஆயுத பூஜைக்கு உங்கள் வீட்டில் எதற்கெல்லாம் ஓய்வு கொடுப்பீர்கள்? அரிவாள்மனை, தையல் மிஷின், பைக், அப்படித்தானே?

தனக்கோடி அண்ணாச்சி கம்ப்யூட்டருக்கும் கொடுத்துவிட்டார்.

அவருக்கு முறுக்கு வியாபாரம். வெளியூர்க்காரர்கள் வெப்சைட்டில் ஆர்டர் போடுவார்கள். அந்த வெப்சைட் ஓடுவதே அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான். அதை அணைத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, முறுக்கு அச்சுகளோடு சாமி முன்னால் உட்காரவைத்தார். கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, கடையை மூடிட்டீங்களா? சைட் திறக்கவே மாட்டேங்குது."

தீபாவளி ஆர்டர் குவிகிற லீவு நாள். அந்த ஆர்டரை நம்பித்தான் அவரும், அவருக்கு முறுக்கு சுட்டுத் தரும் தெருப் பெண்களும் இருந்தார்கள்.

"ஆன் பண்ணிடவா?" என்று மனைவி செண்பகவல்லியைப் பார்த்தார்.

"சாமிக்கு வெச்சதைத் தொட்டுப் பாருங்க, தெரியும்."

அவருக்கும் தொட மனமில்லை. ஷமீமா டீச்சரைக் கூப்பிட்டார். வயதில் அவர் மகளைப் போல. ஆனாலும் கம்ப்யூட்டரில் அவருக்கு 'அ' போட்டவர் டீச்சர்தான்.

டீச்சர் லேப்டாப் பையோடு வந்தார். செண்பகவல்லி முறுக்குத் தட்டை நீட்டினார்.

"டீச்சர், பெருசா இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கிடவா? ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு முழிச்சிருக்கும்" என்றார் அண்ணாச்சி.

"அதுக்கும் அடுத்த வருஷம் குங்குமம் வெச்சிருவீங்க."

செண்பகவல்லி சிரித்துவிட்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"இன்டர்நெட் வழியா வாடகைக்குக் கிடைக்கிற கம்ப்யூட்டர்ல, அந்தக் கிளவுட்ல வைங்கன்னு அப்பவே சொன்னேனே அண்ணாச்சி."

"அது எங்க இருக்குன்னு ஒரு தடவை காட்டுங்க, வைக்கிறேன். கண்ணுல படாத இடத்துல, எவனோ ஒருத்தன் மெஷின்ல கடையை வெச்சிட்டு நான் எப்படி நிம்மதியா இருப்பேன்?"

டீச்சர் ஒரு முறுக்கை எடுத்தார்.

"சூடா இருக்கே. உங்க அச்செல்லாம் சாமிகிட்ட இருக்கு. இது எப்படி வந்துச்சு?"

"நம்ம தெரு லூர்து வீட்டுல சுட்டது. அவங்களுக்கு இன்னிக்குப் பூஜை கிடையாதே."

"நாளைக்கு?"

"தெருவுல நாலு வீட்டுலயும் சுடுவாங்க. தீபாவளி நெருங்கினா அடுத்த தெருவுலயும் சேத்துக்குவேன்."

"தீபாவளி முடிஞ்சா?"

"அவங்கவங்க அடுப்புல அவங்கவங்க சோறு. சுட்ட முறுக்குக்குத்தான் கூலி. சும்மா இருக்கிற அடுப்புக்கு யாராச்சும் குடுப்பாங்களா?"

"நடுவுல ஒரு வீட்டுல கேஸ் தீந்துட்டா?"

"மாவு பக்கத்து வீட்டுக்குப் போயிரும்."

"ருசி?"

"எப்படி மாறும்? எல்லா வீட்டுக்கும் நான் கலந்த ஒரே மாவு."

"லூர்து வீட்டுல சுட்டா அது லூர்து முறுக்குதானே?"

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெப்படி? மாவு என்னோடது, பேரு என்னோடது!"

டீச்சர் பக்கத்திலிருந்த டின்னைத் திறந்து வேறொரு முறுக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது யார் வீட்டுல சுட்டது?"

"நேத்து சுட்டது... யாரு வீடோ. வாங்கித் திங்கறவங்களே அதைக் கேக்க மாட்டாங்க டீச்சர், நீங்க என்ன..."

அண்ணாச்சி நிறுத்திக்கொண்டார். சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் நான் அனுப்பின வெப்சைட் நகல் உங்ககிட்ட இருக்கா?"

"தினமும் அனுப்பச் சொன்னதே அதுக்குத்தானே."

"அப்ப அதை அந்தக் கிளவுட்லயே ஏத்திருங்க."

டீச்சர் லேப்டாப்பைத் திறந்தார். செண்பகவல்லி பொரிகடலை கொண்டுவந்து வைத்தார். சோறு வடிப்பதற்குள் வேலை முடிந்தது. 'கடையை மூடிட்டீங்களா' என்ற ஃபோன் நின்றது. அண்ணாச்சியின் செல்லில் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மதுரை, ஓசூர், மறுபடியும் மதுரை. சாமி முன்னால் கம்ப்யூட்டர் அசையாமல் தூங்கியது.

அண்ணாச்சிக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"டீச்சர், இப்ப நம்ம கடை எந்த மெஷின்ல ஓடுது?"

டீச்சர் காலித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் ரெண்டு முறுக்கு குடுங்க அண்ணாச்சி. எந்த வீட்டுல சுட்டதா இருந்தாலும் சரி."