இரண்டு விசில்

அன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் பாலிடெக்னிக் கணினி ஆய்வகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஆசிரியை திலகவதி. இறுதியாண்டு மாணவர்கள் பரிதி, செலின், இர்பான். கேன்டீன் சொர்ணம் அக்கா. எட்டு போண்டா வைத்த தட்டோடு அப்போதுதான் வந்திருந்தார்.

மாணவர்கள் மூவரும் ஐந்து மாதமாக ஒரு செல்போன் விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். ஆடுபவர் டவுன் பஸ் கண்டக்டர். நெரிசலில் டிக்கெட் கொடுத்து, விசில் அடித்துப் பஸ்ஸை நகர்த்த வேண்டும். மொத்தம் பதினான்கு நிறுத்தம். போட்டிக்கு அனுப்ப மாலை ஐந்து மணி கெடு. போன வருடம் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். அடுத்த வருடம் கல்லூரியில் இருக்க மாட்டார்கள்.

பரிதி கேட்டான்: “மிஸ், பதினஞ்சாவது நிறுத்தம் சேர்த்தா ஜெயிச்சிடுவோமா?”

ஆசிரியை செல்போனை அக்காவிடம் கொடுத்தார். போண்டாத் தட்டை வாங்கிக்கொண்டார்.

“அக்கா ஆடட்டும். நீ பேசக் கூடாது. வாயைத் திறந்தா ஒரு போண்டா உள்ளே போகும்.”

அக்கா விசில் படத்தை இரண்டு முறை தட்டினார். பஸ் கிளம்பி உடனே குலுங்கி நின்றது. மூன்று பயணிகள் விழுந்தார்கள்.

“டிரைவர் குடிச்சிருக்கானா?” என்றார் அக்கா.

“ஒரு தடவைதான் அக்கா...”

போண்டா.

மறுபடி இரண்டு விசில். மறுபடி மூன்று பேர்.

“அப்படி இல்லக்கா...”

போண்டா.

ஐந்தாவது போண்டாவில் பரிதிக்குக் கண்ணில் நீர் வந்தது. விழுந்தவர்கள் பதினைந்து பேர். பஸ் முதல் நிறுத்தத்தைத் தாண்டவில்லை.

“எப்படி அடிக்கணும்னு எழுதிப் போட்டுடறேன் மிஸ்.”

ஆசிரியை அக்காவிடம் கேட்டார்: “ஏன் ரெண்டு தடவை அடிச்சீங்க?”

“ஒண்ணு அடிச்சா நிக்கும், ரெண்டு அடிச்சா போகும். ஏன் தம்பி, நீங்க யாரும் பஸ்ல வர்றதில்லையா?”

பரிதி பைக். இர்பான் சைக்கிள். செலினுக்கு விடுதி பக்கத்துக் கட்டடம். மூவரும் கீபோர்டைப் பார்த்தார்கள்.

“விசிலை மாத்தினா ஒவ்வொரு நிறுத்தத்தையும் திரும்ப ஆடிப் பார்க்கணும் மிஸ். அஞ்சு மணிக்குள்ள நாலுதான் முடியும்” என்றான் பரிதி.

“அப்போ நாலு.”

“மீதி பத்து? அஞ்சு மாசம் மிஸ்!”

ஆசிரியை தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

நாலே முக்காலுக்கு அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இரண்டு விசில். பஸ் போனது. “படியில நிக்காதீங்க, உள்ளே போங்க!” என்று அக்கா செல்போனை அதட்டினார். மூன்றாம் நிறுத்தத்தில் ஒரு பயணியைக் கவனிக்காமல் விட்டார். பரிதி இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். அக்காவே கண்டுபிடித்தார். “டிக்கெட் வாங்காம எங்கய்யா நழுவுற?”

நான்காம் நிறுத்தம் முடிந்தது. “அவ்வளவுதானா?” என்றார் அக்கா. “இன்னொரு ட்ரிப் அடிக்கிறேன்.”

பரிதி மெதுவாகக் கேட்டான்: “நடுவரும் அந்த ஆளைக் கவனிக்காம விட்டுட்டா, யார் மிஸ் சொல்றது?”

“அங்கே நீ இருக்க மாட்டே. போண்டாவும் இருக்காது.”

பரிதி விளையாட்டை அனுப்பினான். மணி நான்கு ஐம்பத்தேழு. தட்டில் மீதி மூன்று.