துணைவேந்தர் நட்ட பலாக்கன்று

அந்த வேளாண் பல்கலைக்கழகத்தில் நடந்த கூத்தைக் கேளுங்கள். "வருஷத்துக்குள்ள விளைச்சல் காட்டாத ஆராய்ச்சிக்கு இனி ஒரு பைசா கிடையாது!" என்று உத்தரவு போட்டார் துணைவேந்தர் பொன்னம்பலவாணன். காளான் ஆராய்ச்சிக்காரர்கள் மட்டும் சிரித்தார்கள். பலா ஆராய்ச்சி செய்யும் உதவிப் பேராசிரியை ஜெயக்கொடி போய்க் கெஞ்சினாள். "காய் எங்கேம்மா?" என்று விரட்டிவிட்டார்.

மறுநாள் காலை அவர் கார் உள்ளே நுழைந்தால், வாசலில் ஒரே கூட்டம். போன வருஷம் மேளதாளத்தோடு அவர் நட்ட பலாக்கன்றின் அடியில் ஜெயக்கொடி கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே, கன்றைவிட உயரமாக, அவர் பெயர் பொறித்த கல்.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா?"

"உங்க உத்தரவுதான் சார். வருஷம் ஒண்ணாச்சு, ஒரு பிஞ்சுகூட விடலை. ஊத்துற தண்ணி தண்டம்."

"பலா ஒரு வருஷத்துல காய்க்குமா? அஞ்சாறு வருஷம் தண்ணி ஊத்திக் காத்திருக்க வேண்டாமா? இதுகூடத் தெரியாம நீயெல்லாம் என்ன ஆராய்ச்சி பண்றே?"

ஜெயக்கொடி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"நேத்து நான் சொன்னதும் இதேதான் சார். ஆனா நீங்க சொன்னா எடுபடுது. அப்படியே கோப்புல எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

முதலில் கைதட்டியது அவருடைய டிரைவர்தான்.