பஸ் ஸ்டாண்டு வாசல்ல கேட்ட கேள்வி

"நான் எதுக்குப் பொய் எழுதணும், லூர்து? பஸ் ஸ்டாண்டு வாசல்ல இருக்கிற அந்தம்மா சொன்னதத்தான் எழுதுனேன். 'புள்ளைங்க யாரும் இல்ல'ன்னு என் மூஞ்சியப் பாத்து சொன்னாங்க. அவங்களுக்குப் பொண்ணு ஒண்ணு நர்சிங் படிக்குதுன்னு எனக்கென்ன கனவா வரும்? 'உக்காந்த எடத்துலயே எழுதிட்டா'ன்னு டிபார்ட்மென்ட் முழுக்கப் பரப்புறியே, அந்த வெயில்ல ஒரு நாளாவது என் கூட வந்து நின்னியா? சரி, மதியம் கமிட்டியில கேக்கப் போறியா? நல்லா கேட்டுக்க. வை போன."

வச்சது அவதான். கோசலைக்கு டிபார்ட்மென்ட்ல பட்டாசுன்னு பேரு. அன்னைக்கு சரவெடி. திருச்சி பஸ் ஸ்டாண்டு வாசல்ல, நடைபாதையிலயே குடும்பம் நடத்துறவங்களப் பத்திதான் அவ ஆராய்ச்சி. மதியம் கமிட்டி அவ எழுதுனத கட்டுக்கதைன்னு சொல்லிட்டா மொத்தமும் போச்சு.

கைடு இன்னாசி கேன்டீன்ல தயிர்சாதம் சாப்பிட்டுட்டிருந்தாரு. அவளவிட வயசுல சின்னவரு, ஆனாலும் சார்தான். எதிர்ல போய் தொப்புனு உக்காந்தா.

"சார், பொய் சொல்றவங்ககிட்ட இருந்து உண்மைய வாங்க என்ன முறை இருக்கு? இப்பவே சொல்லுங்க."

"நீங்க எப்படிக் கேட்டீங்க?"

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான். வணக்கம் சொல்லி, அனுமதி வாங்கி, தரையில அவங்க கூடவே உக்காந்து. இதுக்கு மேல கால்ல விழணுமா?"

"எங்க வச்சு?"

"அவங்க இருக்கிற எடத்துலதான். உள் ரூமா வச்சிருக்காங்க?"

"சுத்தி ஆளுங்க?"

"பஸ் ஸ்டாண்டு சார். ஆளில்லாம இருக்குமா? டீக்கடைக்காரரு, பூக்காரம்மா, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க, எல்லாரும் சுத்தி நின்னு வேடிக்கை பாத்தாங்க. அதுக்கும் என் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?"

"என்னென்ன கேட்டீங்க?"

"பேரு, வயசு, கல்யாணம், புள்ளைங்க, வீட்ட விட்டு ஏன் வந்தீங்க. ராணுவ ரகசியமா கேட்டேன்?"

இன்னாசி எழுந்து போய் கை கழுவிட்டு வந்தாரு. உக்காரல. கிளாஸ்ல கடைசி பெஞ்சுக்கும் கேக்கிற அந்தக் குரல்ல, "கோசலை, கல்யாணம் ஆயிடுச்சா?"ன்னாரு.

பக்கத்து டேபிள் மொத்தமும் திரும்புச்சு.

"உங்களுக்குத் தெரியாதா சார்? ஆயிடுச்சு."

"அப்புறம் வீட்ட விட்டு ஏன் வந்தீங்க? எதுக்கு ஹாஸ்டல்ல இருக்கீங்க?"

சாம்பார் ஊத்திட்டிருந்தவரு கை அப்படியே நின்னுச்சு. ஜூனியர் பசங்க சாப்பிடறத விட்டுட்டு அவ வாயவே பாத்தாங்க. கோசலை சிரிச்சா.

"படிக்க வசதியா இருக்கும்னுதான் சார். அவரே கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு."

"சேர்ந்த அன்னைக்கு என் ரூம்ல அழுதுகிட்டே வேற காரணம் சொன்னீங்க. இப்ப சொன்னத நான் என்னன்னு எழுதிக்கட்டும்? எல்லாரும் கேக்குறாங்க, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."