ஒரு ஜோடியா, ரெண்டு ஜோடியா?

கோயம்புத்தூர் தண்டபாணி ஒரு கம்பெனியை வாங்கினார். அதோடு ஒட்டிக்கொண்டு, பனிச்சறுக்குப் பிரியர்கள் இருபது வருஷமாகப் பேசிவரும் இணைய மன்றமும் வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தவருக்குத் தலை கிறுகிறுத்தது. சறுக்குப் பூட்ஸுக்குள் சாக்ஸ் ஒரு ஜோடி போதுமா, ரெண்டு ஜோடி வேண்டுமா? இருபது வருஷமும் இந்தச் சண்டைதான்! மனுஷர்களுக்கு வேறு வேலையே கிடையாதா? அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மன்றத்தை நடத்தும் மரகதத்தைக் கூப்பிட்டார். பனியை ஃப்ரிட்ஜில் மட்டுமே பார்த்தவள் அவள்.

"சாயங்காலத்துக்குள்ள இந்தச் சண்டையை முடிச்சாகணும். இல்லேன்னா மன்றத்துக்கு மூடுவிழாதான்!"

"நான் சொன்னா யாருங்க சார் கேக்கறாங்க? முதலாளி நீங்களே ஒரு தீர்ப்பு எழுதிடுங்க."

அதுவும் சரிதானே என்று தண்டபாணி மன்றத்தில் எழுதினார்: 'ரெண்டு ஜோடிதான் சரி. பேச்சு முடிந்தது.'

"ஐயா பனியில் கால் வைத்ததுண்டா?" என்று ஒருவர் கேட்டார். தண்டபாணி மணாலியில் சறுக்கிய போட்டோவைப் போட்டார். "வாடகை பூட்ஸ் உங்களுக்குப் பெருசு. அதான் ரெண்டு ஜோடி கேட்டிருக்கு" என்று எழுதினார் ஓர் ஊட்டிக்காரர். தண்டபாணிக்குச் சுருக்கென்றது. பதில் போட்டார்; நாலு பேர் பாய்ந்தார்கள். மறுபடி போட்டார். மத்தியானச் சாப்பாடு மேஜையிலேயே ஆறிப்போனது.

பொழுது சாய்ந்ததும் மரகதம் எட்டிப் பார்த்தாள். "மன்றத்தை மூடிடலாங்களா சார்?"

"மூடறதா? இரும்மா! இந்த ஊட்டிக்காரனுக்கு ஒரே ஒரு பதில் சொல்லிட்டு வந்துடறேன்."

"அதைத்தானுங்க சார் எல்லாரும் சொல்றாங்க," என்றாள் மரகதம், "இருபது வருஷமா."