கடல்ராணி கதையின் ஒன்பதாம் படம்

மணற்குன்றம் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. இன்றைக்குப் போய்த் தேட வேண்டாம். கிடைத்துவிட்டால் கதை கெட்டுவிடும்.

அங்கே மாசாணம் என்று ஒரு கூத்து அண்ணாவி, கூத்தைச் சொல்லிக்கொடுத்து ஆட்டுவிப்பவர். பெரிய ஆசைக்காரர். கடல்ராணி கதையை நாற்பது நிஜ யானைகளோடு நிஜக் கடலுக்குள் இறங்கி ஆடவேண்டும் என்று கிளம்பினார். யானைகள் சம்மதித்தன, அரண்மனை சம்மதிக்கவில்லை. மனம் ஒடிந்துபோய், கதையைச் சித்திரக்காரி பச்சைநாயகியிடம் சொல்லிவிட்டார். அவள் நீளமான சீலையில் அதை ஒன்பது படங்களாக வரைந்தாள். கதை யானை கேட்ட இடத்திலெல்லாம் தாராளமாக யானை போட்டாள். ஐந்து வருஷம் கழித்து அண்ணாவிக்கு மறுபடியும் ஆசை துளிர்த்தது. நாலு ஆள், ஒரு நீலத்துணி, ஒரு பானைத் தண்ணீர். கூத்து அரங்கேறிவிட்டது.

அன்றோடு ஊர் இரண்டாகப் போயிற்று.

"கூத்துதான் உயிர்! நீலத்துணி அலையடித்தபோது எனக்கு உடம்பே நனைந்துபோச்சு" என்றான் சமையல்கட்டுத் தலைவன் சங்கிலி.

"பானைத் தண்ணீரைத் தெளித்தார்கள்டா, நனையாமல் என்ன செய்யும்?" என்றார் காவல் தலைவர் எட்டியப்பர். "அண்ணாவி முதலில் நினைத்த கதை சீலையில்தான் இருக்கிறது. மூன்றாம் படத்தில் அந்த யானையின் கண்ணைப் பார்த்தாயா?"

"யானை பார்க்க நான் கொட்டிலுக்குப் போய்க்கொள்கிறேன்."

பெரிய சண்டை முடிவைப் பற்றித்தான். ராணி கடலில் மூழ்குகிறாள் என்றது கூத்துக் கட்சி. கடலிலிருந்து கரையேறுகிறாள் என்றது சீலைக் கட்சி. சமையல்காரர்கள் காவல்காரர்களின் கஞ்சியில் உப்பை நிறுத்தினார்கள். காவல்காரர்கள் உப்பு வண்டியையே வாசலில் நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் ராஜா வீரகேதுவுக்கு உப்பில்லாத ரசம் வந்தது.

ராஜா அமைச்சர் உத்தண்டியைக் கூப்பிட்டார்.

"நாளைக்குள் எது உசத்தி என்று நீர் சொல்ல வேண்டும். மற்றதை எரித்துவிடுவேன். சீலையானால் சீலை. கூத்தானால் வேஷம், கிரீடம், நீலத்துணி எல்லாம். நாளைப் பொழுது சாய்வதற்குள் இந்த முற்றத்தில் தீ எரியும். குலதெய்வத்தின் மேல் ஆணை!"

உத்தண்டி வெளியே வந்தார். அண்ணாவியும் பச்சைநாயகியும் வாசலில் நின்றிருந்தார்கள்.

"எதை எரித்தாலும் எங்கள் இரண்டு பேருக்கும் பாதி உயிர் போய்விடும், ஐயா" என்றார் அண்ணாவி.

உத்தண்டி இருவரையும் தனித்தனியே அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டார். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"இதை ஊரில் யாருக்கும் சொல்லவில்லையா?"

"எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லையே" என்றாள் பச்சைநாயகி.

மறுநாள் சபை நிறைந்தது. உத்தண்டி எழுந்தார்.

"அரசே, இந்த அரண்மனையில் எதை எரிப்பதானாலும், அது இன்னதென்று முழுக்க ஓலையில் எழுதிவைத்த பிறகே எரிக்கவேண்டும். தங்கள் முப்பாட்டனார் போட்ட சட்டம். அவர் ஒருமுறை எதையோ எரித்துவிட்டு, எதை எரித்தோம் என்று மூன்று மாதம் யோசித்தாராம்."

"எழுதும்" என்றார் ராஜா.

கணக்கர் கதையை எழுதினார். எட்டுக் கட்டம்வரை இரண்டு கட்சியும் மாறிமாறி ஒப்பித்தன. ஒன்பதாவது வந்தது.

"சங்கிலி, ராணி மூழ்கும்போது எந்தக் கையை உயர்த்தினாள்?"

"வலது கை" என்றான் சங்கிலி. "இடது" என்றான் அவன் தம்பி. "இரண்டும்" என்றது பின்வரிசை.

"எட்டியப்பரே, கரையேறியவள் என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள்?"

சீலைக் கட்சி ஏழு நிறம் சொன்னது.

உத்தண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். "கூத்து முடிகிற நேரத்தில் கோயிலில் பொங்கல் மணி அடிப்பார்கள், ஊரே பொங்கல் வரிசைக்கு ஓடிவிடும். கடைசிக் கட்டத்தை ஒரு நாயும் விளக்குப் பிடித்தவனும்தான் பார்த்திருக்கிறார்கள். சீலையை விரிக்கிற மண்டபச் சுவரோ எட்டுப் படத்துக்குத்தான் நீளம். ஒன்பதாவது சுருளுக்குள்ளேயே இருக்கிறது. இன்று காலை பிரித்தேன். பல்லி முட்டையிட்டிருக்கிறது."

"நான் பார்த்தேனே!" என்றார் ராஜா. "கண்ணீர் விட்டேனே!"

"விட்டீர்கள், அரசே. பொங்கல் வரிசையில் இரண்டாவதாக நின்றீர்கள். அடுப்புப் புகை அந்தப் பக்கம்தான் அடித்தது."

ராஜா மீசையைத் தடவினார். "முடிவு தெரியாமல் ஓலையை எப்படி முடிப்பது? இங்கேயே ஆடுங்கள். சீலையையும் விரியுங்கள். மணி அடிக்கிறவனைக் கட்டிப்போடுங்கள்!"

ஆடினார்கள். விரித்தார்கள். இரண்டிலும் ஒரே முடிவு. ராணி மூழ்கவும் இல்லை, கரையேறவும் இல்லை. கடலுக்கே போகவில்லை. தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

சங்கிலி மெதுவாக எழுந்தான்.

"நாங்கள் இதற்காகச் சண்டை போடவில்லை."

"நாங்களும்தான்" என்றார் எட்டியப்பர்.

நாலு நாளில் முதல்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள். கட்டிக்கொண்டார்கள். பிறகு சபை ஒரே குரலில் கத்தியது: "இரண்டையும் எரியுங்கள்!"

அண்ணாவி நீலத்துணியை மார்போடு அணைத்துக்கொண்டார். பச்சைநாயகி சீலையின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ராஜா திகைத்தார். "உத்தண்டி, இது முன்னைவிட மோசமாக இருக்கிறதே! பொழுதும் சாயப்போகிறது. தீ எரியும் என்று ஆணையிட்டுவிட்டேனே!"

"எரியட்டும், அரசே. எதை எரிப்பதென்று தாங்கள் குலதெய்வத்திடம் சொல்லவில்லை. இருநூறு பேர் காலையிலிருந்து பட்டினி. அதனால்தான் இவ்வளவு கோபம். முற்றத்திலேயே அடுப்பை மூட்டி ஒரு அண்டாப் பொங்கல் வைக்கச் சொல்லுங்கள்."

சபை சட்டென்று அடங்கியது. சங்கிலி விறகெடுக்க ஓடினான். எட்டியப்பர் தன் கையாலேயே உப்பு மூட்டையைச் சுமந்துவந்தார். பொழுது சாய்வதற்குள் தீ எரிந்தது. சீலையும் துணியும் பிழைத்தன.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். முதல் கரண்டிப் பொங்கலை உத்தண்டிக்குத் தாமே போட வந்தவர் பாதியில் நின்றார்.

"அதிருக்கட்டும். அன்றைக்கு வரிசையில் நான் இரண்டாவதுதான். எனக்கு முன்னால் நின்றது யார்?"

உத்தண்டி இலையை நீட்டினார்.

"அன்றைக்கு நெய் கொஞ்சம் குறைவு, அரசே."